கவிழ்த்த இடத்தில் நிற்க வேண்டும்

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது, கூடவே நிலக்கரித் தூளும் படிகிறது. வெள்ளைச் சேலை இனி வேண்டாம்.

ஒரு காரின் கனம் எங்கே இருக்கிறது? தெரியவில்லை. கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாக இயற்பியல் நடத்துகிறேன். கனமையத்தை வருடந்தோறும் கரும்பலகையில் வரைகிறேன். பலகையில் அது ஒழுங்காக நடுவில் ஒரு புள்ளி. எங்கள் ஷெட்டில் இருப்பது என்ஜின், கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் கழற்றிய பழைய பியட்டின் வெறும் கூடு. கூட்டின் அடித்தரையில் பாதி துரு, பாதி வெட்டி எடுத்தாயிற்று. இதற்குப் புள்ளி எங்கே என்று காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்ல என்னால் முடியாது.

அதை வாய்விட்டுச் சொன்னதுதான் இன்றைய தப்பு.

ஸ்டாண்டில் இன்று கூட்டை ஏற்றினார்கள். முன்னால் ஒரு தூண், பின்னால் ஒரு தூண், இரண்டிலும் சுழலும் அச்சு. நடுவே கூட்டை மாட்டிப் புரட்டினால் அடிப்பகுதி சுவர் மாதிரி எதிரே நிமிர்ந்து வரும். மல்லாந்து படுத்து, முகத்தில் தீப்பொறி விழ வெல்டிங் அடிக்க வேண்டாம். அதற்குத்தான் செய்யச் சொன்னேன். இத்தனை நாள் கூடு ஹாலோபிளாக் கல்லின் மேலும் காலி டிரம்மின் மேலும் கிடந்தது.

அச்சோடு சேர்ந்த தகட்டில் மேலிருந்து கீழாக வரிசையாக ஓட்டைகள். எந்த ஓட்டையில் போல்ட் போடுகிறோமோ அதைப் பொறுத்துக் கூடு அச்சுக்கு மேலே ஏறும், அல்லது கீழே தொங்கும். விஷயமே இந்த ஓட்டையில்தான். கனம் சரியாக அச்சில் வந்து உட்கார்ந்தால், எப்படிப் புரட்டினாலும் புரட்டிய இடத்தில் நிற்கும்.

டிங்கர் சூசை ஆகக் கீழ் ஓட்டையில் மாட்டினார். கூடு அச்சுக்குக் கீழே தொட்டில் மாதிரித் தொங்குகிறது.

மேலே ஏற்றுங்கள் என்றேன். "எத்தன ஓட்டை ஏத்தணும், டீச்சரம்மா?" சரியாகச் சொல்ல முடியாது, ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் கணவர் செ. பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மாவுக்கே தெரியலியாம், அண்ணாச்சி."

செ. சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. அவருடைய கடைக்கு வரும் படகுக்காரர்களிடம் சிரிக்கிற சிரிப்பு.

நான் டீச்சர் இல்லை, பேராசிரியர். திருத்துவதை எப்போதோ விட்டாயிற்று.

சீலா மீன் குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறேன். செ. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அதற்கும் எரிச்சல்.


ஜூன் 13, வெள்ளி

அட்மிஷன் டூட்டி. ஃபேன் ஓடவில்லை. ஆறுமுகநேரியிலிருந்து ஒரு பெண், அப்பாவோடு. இயற்பியல் வேண்டும் என்று எழுதியிருந்தாள். "பிசிக்ஸ் படிச்சு என்னளா செய்யப் போற, கம்ப்யூட்டர் எடு" என்றார் அப்பா. அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையிலிருந்த ஸ்டாப்ளரைப் பார்த்தேன். வெட்கம்.

வாங்க வேண்டியவை: பல்லி மருந்து. துரு எடுக்கிற பிரஷ். மக்ரூன், மகளுக்கு அனுப்ப, உடையாத டப்பாவில்.

வீடு வந்தபோது மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு மொகிதீன் காக்காவின் தலை. "என்ன செல்வம், ஓட்டல் போடப் போறியளா? கோழிய மாட்டிச் சுத்துற கம்பியால்லா இருக்கு." சூசை திரும்பிக்கூடப் பார்க்காமல், "காக்காவுக்குக் கால் பீஸு எடுத்து வைக்கேன்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்கு இனி கோழி ஸ்டாண்டு என்றுதான் பெயர்.

சிரிக்கிற மனநிலை இல்லை. கீழே தொங்குகிற கூடு நேராக நிற்கும் வரை சமர்த்தாக நிற்கும். பக்கவாட்டில் புரட்டினால் அந்தக் கனம் முழுவதும் பழைய இடத்துக்கு வரத் துடிக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது தூணில் செருகிய ஒரே ஒரு இரும்புப் பின். என் சுண்டுவிரல் தடிமன். அது போனால் கூடு சுற்றி வரும். அப்போது மேல் விளிம்பு எங்கே இறங்கும் என்று நின்று பார்த்தேன். வெல்டிங் அடிக்கிறவர் ஸ்டூல் போட்டு உட்காரும் இடத்தில். கழுத்தளவில்.

சூசையின் கழுத்து.


ஜூன் 14, சனி

கல்லூரி இல்லை. இன்னொரு தடவை முயன்றேன்.

துணி சோப்புக் கட்டியும் கோணி ஊசியும் எடுத்துப் போனேன். ஊசியைச் சோப்பின் நடுவில் குத்தினால் எப்படித் திருப்பினாலும் நிற்கிறது. ஓரத்தில் குத்தினால் ஒவ்வொரு தடவையும் கனமான பக்கம் கீழே வந்துவிடுகிறது. சூசை மரியாதையாகப் பார்த்தார். "சோப்பு நல்லா வேலை செய்யுது" என்றார்.

பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். அதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் முட்டாள்தனம் இல்லை அது. அவர் கீழவைப்பார்க்காரர். டிங்கர் வேலைக்கு வருமுன் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் அடித்தவர்.

"எங்க ஊர்ல படகுக்கு அடியில மணல் மூட்டை போடுவோம், கல்லு போடுவோம். எதுக்கு? அடி கனத்தாத்தான் கவுராது. நீங்க சொல்லுத மாதிரி மேல ஏத்துனா ஆடும். ஆடுனா கவுரும். கவுந்தா எவன் பதில் சொல்லுதது?"

செ. பலமாகத் தலையாட்டினார். அவர் அந்தப் படகுகளுக்குக் கயிறு விற்கிறவர்.

என் பதில் மூன்று மணி நேரம் கழித்து, கொடியில் துணி எடுக்கும்போது வந்தது. எப்போதும் இப்படித்தான்.

படகு கவிழக் கூடாது. இது கவிழ வேண்டும். கவிழ்த்த இடத்தில் நிற்க வேண்டும். அவர் சொல்வது முழுக்கச் சரி, இந்தப் பொருளுக்கு அல்ல. வருடக்கணக்காகக் கவிழாமல் இருப்பதற்கென்றே இரும்பு வளைத்த ஆள், கவிழ்ப்பதற்கென்றே செய்த ஸ்டாண்டில் படகைக் கட்டி வைத்திருக்கிறார்.

செ.யிடம் சொன்னேன். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. "நீ சொல்லுதது சரிதான்ளா. ஆனா செய்யுதது அவருல்லா" என்றார். சரி என்று தெரிகிறதாம். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. புரியாதவரிடம் கோபப்பட முடியாது.

இந்த வண்டி எதற்கு என்று சொந்தம் முழுவதும் கேட்டாயிற்று. அப்பா வைத்திருந்த வண்டியா, இல்லை. கல்யாணத்துக்கு வந்த வண்டியா, இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் என் கண்ணால் பார்த்த ஒரு வண்டி எனக்கு வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரையும் நம்பி ஓட்ட வேண்டாத வண்டி. இதைச் சொன்னால் ஏரலில் இருக்கும் நாத்தனார், "அதுக்குப் புதுசு ஒண்ணு வாங்கலாமே மதினி" என்கிறாள். செ. எல்லோரிடமும் "நம்ம வண்டி" என்கிறார். வேலை முடிந்தால் "என் வண்டி" என்பார்.


ஜூன் 15, ஞாயிறு

சூசை பூசைக்குப் போயிருப்பார், வேலை இல்லை. செ. கடையில் கணக்குப் பார்க்கப் போனார். ஷெட்டில் நான் மட்டும்.

செ.யின் கடையிலிருந்து மீன் நிறுக்கிற கொக்கித் தராசு கொண்டு வந்திருந்தேன். பின்னை எடுத்துவிட்டு, கூட்டின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் எவ்வளவு விசையில் திரும்புகிறது என்று பார்த்துவிடலாம். கணக்குப் போட முடியாவிட்டால் அளக்கலாம் அல்லவா.

இழுத்தேன். கொஞ்சம் அசைந்தது. இன்னும் இழுத்தேன். கால்வாசி திரும்புவதற்குள் தராசின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அந்தத் தராசில் எண்ணே இல்லை. ஆக, அளந்தும் பதில் கிடைக்கவில்லை. என் தராசுக்கு அடங்காத கனம் என்பது மட்டும் தெரிந்தது.

விட்டபோது கூடு திரும்பி வந்து என் இடது கையில் அடித்தது. கட்டைவிரல் நகம் நீலம். கால்வாசிகூடத் திரும்பாததற்கே இது.

மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். கை எப்படி என்று கேட்கவில்லை, நான் சொன்னால்தானே. அப்பா நல்லாயிருக்காரா என்றாள். நன்றாக இருக்கிறார்.


ஜூன் 16, திங்கள்

இன்று கையெழுத்து மோசம்.

காலையில் ஷெட்டைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டேன். சூசைக்கு இன்று அடித்தரையில் வெல்டிங். போல்ட்டை மாற்றாமல் வேலை வேண்டாம் என்று செ.யிடம் சொன்னேன். சரி என்றார். இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் சரி என்றார். துறையில் எல்லோரும் புது டைம்டேபிளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சாவி இருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது.

மாலை வந்து பார்த்தால் ஷெட் திறந்து கிடக்கிறது.

செ.யிடம் இன்னொரு சாவி இருந்திருக்கிறது. சூசை வாசலில் வந்து நின்றாராம், பாவமாக இருந்ததாம். திறந்து விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

கூடு பக்கவாட்டில் நிற்கிறது. அடித்தரை எதிரே சுவர் மாதிரி. அதில் கை அகலத்துக்கு மூன்று புதுத் தகடுகள், அருமையான வெல்டிங், ஒரு பிசிறு இல்லை. அதற்கு முன்னால் சின்ன ஸ்டூல். மதியம் முழுவதும் அவர் அந்த ஸ்டூலில், அந்த விளிம்புக்குக் கீழே, அந்தப் பின்னை நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார். பாதி வேலை என்பதால் அப்படியே பக்கவாட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நான் கத்தவில்லை. கத்தத் தெரியாது. என்னிடம் சரி என்றீர்களே என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் ஆவலைலா" என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. இதைவிட மோசமான நிரூபணத்தை எந்த மாணவனும் எழுதியதில்லை.

எனக்குப் பதில் அண்ணன் தம்பி யாராவது ஒரு ஆள், அரைகுறையாகத் தெரிந்த ஆள், ஷெட்டுக்குள் வந்து "நாலு ஓட்டை ஏத்துங்க" என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஏற்றியிருப்பார்கள். நாலு தப்பாகவே இருக்கட்டும். நான் தெரியாததைத் தெரியாது என்றேன். அதற்குத் தண்டனை.

சாப்பாடு அவரே போட்டுக்கொண்டார்.


ஜூன் 17, செவ்வாய்

காற்று குறைந்திருக்கிறது. புழுக்கம்.

சூசை வரவில்லை. கீழவைப்பாரில் ஒரு சாவு, அடக்கம் முடியும் வரை ஊரில் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். கூடு அப்படியே பக்கவாட்டில், அந்தப் பின்னை நம்பிக் கிடக்கிறது. கல்லூரிக்குப் போகும்போதும் வந்த பிறகும் பார்த்தேன். ஒரு நூல் இறங்கியிருக்கிற மாதிரி. கண்ணுக்கு அப்படித் தோன்றலாம். நம்புவதற்கில்லை.

நாளை செய்யப் போவது: பின்னின் வளையத்தில் நைலான் கயிறு கட்டி, எல்லோரும் வாசலுக்கு வெளியே நின்று இழுப்பது. கூடு என்ன செய்கிறதோ செய்யட்டும். என் கணிப்பு: முழுக்கச் சுழன்று வரும். ஸ்டூலை அடித்து நொறுக்கும். கூட்டின் கூரை விளிம்பு நசுங்கலாம். நசுங்கட்டும், என் வண்டி. நான் சொன்னது தப்பு என்றால் இனி அந்த ஷெட்டில் வாயைத் திறப்பதில்லை.

செ.யிடம் சொன்னேன். போனில் சூசையிடம் சொன்னார். அந்தப் பக்கம் சூசையின் குரல் எனக்கே கேட்டது: "டீச்சரம்மா பரிச்சை வைக்காவ போல. வச்சுக்கிடட்டும்."

பல்லி மருந்து மறந்துவிட்டது.


ஜூன் 18, புதன்

கல்லூரிக்கு அரை நாள் லீவு சொன்னேன். நடந்தது இது.

கயிறு கட்டினேன். நான், செ., சூசை மூன்று பேரும் வாசலில். இழுத்தேன். வரவில்லை. செ.யும் சேர்ந்து இழுத்தார். வரவில்லை. மதிலுக்கு மேலே காக்கா: "என்ன, தேர் வடம் பிடிக்கியளா?" கயிறு என் உள்ளங்கையைத் தீய்த்தது. பின் அசையவில்லை. கூடும் அசையவில்லை.

"பாத்தியளா, அண்ணாச்சி. ஆனை வந்து இழுத்தாலும் வராது. கெட்டியா நிக்கி" என்றார் சூசை. மாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்டூலை நோக்கிப் போனார். செ. என் தோளில் கை வைத்தார், ஆறுதலாம்.

அடுத்துச் செய்தது செய்யக் கூடாத காரியம். என் மாணவர் யாராவது லேபில் இப்படிச் செய்தால் வெளியே அனுப்புவேன். சூசைக்கு முன்னால் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். விளிம்பு தலைக்கு மேலே. துருவும் கருகிய இரும்புமாக ஒரு வாசனை.

"கெட்டியா நிக்கின்னியள்லா. நான் இங்கன இருக்கேன். சுத்தியல எடுத்து அந்தப் பின்னத் தட்டி எடுங்க" என்றேன். கல்லூரித் தமிழ் எங்கே போயிற்றோ, தெரியாது.

சூசை சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார். தூணுக்குப் போனார். பின்னின் நுனியில் ஒரு இரும்பை வைத்துச் சுத்தியலை ஓங்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டின் கூரைத் தகடு காற்றில் படபடத்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு கீழே வந்தது.

"எந்திரிங்க, டீச்சரம்மா."

ஏன் என்று கேட்டேன். செ. "ஏளா" என்றார்.

"எந்திரிங்க தாயி" என்றார் சூசை.

எழுந்தேன்.

கனம் தூக்குகிற செயின் பிளாக்கை உத்தரத்தில் மாட்டி, கூட்டின் விளிம்பைச் சங்கிலியில் பிடித்துக்கொண்ட பிறகு சூசை பின்னைத் தட்டினார். சுலபத்தில் வரவில்லை. அடித்து அடித்து வெளியே வந்தபோது ஏன் வரவில்லை என்று தெரிந்தது. தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. கனம் அதை வளைத்து ஓட்டைக்குள் இறுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் முடி அளவுக்கு விரிசல்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார். திங்கட்கிழமை மதியத்தை நினைத்திருப்பார். சிலுவை போட்டுக்கொண்டு பின்னைச் சட்டைப் பையில் வைத்தார். காக்காவின் தலையை மதில் மேல் காணவில்லை.

சங்கிலியை மெல்ல விட்டு, கூட்டை நேராக்கினோம்.

"எத்தன ஓட்டை?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

தெரியாது என்றேன். ஏற்றி ஏற்றித்தான் பார்க்க வேண்டும். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு ஓட்டையாக ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் சங்கிலியைத் தளர்த்தி, தள்ளி நின்று பார்த்தோம். இன்னும் கூட்டின் தரைதான் கீழே போகிறது, இன்னும் போகிறது, சோம்பலாகப் போகிறது. அடுத்ததில் கூரை கீழே போயிற்று. ஆக, புள்ளி இரண்டு ஓட்டைக்கும் நடுவில். சூசை நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, டிரில் வைத்துப் புது ஓட்டை போட்டார். புதுத் தகடு ஏற ஏற இதுவும் நகரும் என்று சொல்லி வைத்தேன். "நகந்தா இன்னொரு ஓட்டை" என்றார்.

சங்கிலியைக் கழற்றினோம். பின் எதுவும் செருகவில்லை.

நீல நகமுள்ள கட்டைவிரலால் கூட்டின் ஓரத்தைத் தள்ளினேன். திரும்பியது. பக்கவாட்டில் விட்டேன், நின்றது. தலைகீழாக விட்டேன், நின்றது. பாதியில் விட்டேன், பாதியில் நின்றது. ஒரு வண்டி முழுவதும் என் ஒரு விரலில்.

சூசை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "படகு இல்லை இது" என்றார், தனக்குத்தானே.

செ. போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், வாட்ஸ்அப்பில் போடுவதற்கு. தலைகீழாக நிற்கிற கூட்டை ஒரு படம். சூசையை நிற்க வைத்து ஒரு படம். போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, இடது கையால் என்னை ஒதுங்கச் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. வண்டி மட்டும் வரட்டும்."

நான் தள்ளி நிற்கவில்லை.